கீழாநெல்லிப் பொடியின் தரத்தை எப்படி மதிப்பிடுவது?

மூலிகைப் பொடி தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டு வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். கீழாநெல்லிக்கென்று உங்கள் கோப்பில் இரண்டு தாள்கள் இருக்கின்றன என்கிறீர்கள். ஒன்று, ஆல்கலாய்டு, டானின், சப்போனின் என்று வரிசையாகக் கூட்டல் குறி போட்ட நிறச்சோதனை அட்டவணை. இன்னொன்று, சாற்றை ஆவியாக்கிச் சேர்மங்களைப் பிரித்து அடையாளம் காட்டும் ஜிசி-எம்எஸ் கருவியில் வெளியே கொடுத்து எடுத்த அறிக்கை. அதில் முப்பது சேர்மங்களின் பெயர்கள். இவை போதுமா, இல்லையென்றால் வேறு என்ன செய்ய வேண்டும் என்பது உங்கள் கேள்வி.

போதாது. அந்த இரண்டு தாள்களையும் எத்தனை முறை படித்தாலும், மூட்டையில் இருப்பது கீழாநெல்லிதான் என்றுகூடச் சொல்ல முடியாது. இது எந்தச் செடி, செடியின் எந்தப் பாகம், மூட்டையின் எந்த இடத்திலிருந்து எடுத்தது என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் வேதிப்பொருளின் அளவுக்கு ஓர் அர்த்தம் வரும். இந்த வரிசையை மாற்றினால் எவ்வளவு விலை உயர்ந்த கருவியும் உதவாது.

முதலில் செடி. நாம் கீழாநெல்லி என்று சொல்வது பில்லாந்தஸ் அமாரஸ். பழைய நூல்களிலும், இன்னமும் பல லேபிள்களிலும், பில்லாந்தஸ் நிரூரி என்றே போட்டிருக்கும். லின்னேயஸ் அந்தப் பெயரைச் சூட்டியது அமெரிக்கக் கண்டத்துச் செடி ஒன்றுக்கு. இந்தியத் தாவர நூல்களில் நிரூரி என்று எழுதப்பட்டது உண்மையில் அமாரஸ், ஃபிரேட்டர்னஸ், டெபிலிஸ் என்ற மூன்று இனங்களின் கலவை என்று மித்ராவும் ஜெயினும் 1985-இல் தெளிவுபடுத்தினார்கள். ஆகவே 'நிரூரி' என்ற பெயரில் வந்திருக்கும் பழைய ஆய்வு முடிவுகளை உங்கள் செடிக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்தச் செடியை வைத்துச் செய்தார்கள் என்று பாருங்கள்.

இது வெறும் பெயர்த் தகராறு அல்ல. தென்னிந்திய மருந்துச் சரக்குக் கடைகள் 25-இல் வாங்கிய கீழாநெல்லியை ஆராய்ந்து 2010-இல் ஒரு கட்டுரை வந்தது. 76 விழுக்காடு கடைகளில் சரக்கு கிட்டத்தட்ட முழுக்க அமாரஸ்தான். மீதி 24 விழுக்காட்டில் டெபிலிஸ், ஃபிரேட்டர்னஸ், யூரினேரியா, மதராஸ்படென்சிஸ், கோழிக்கோடியானஸ் என்று ஐந்து வேறு இனங்கள் இருந்தன. வேண்டுமென்றே செய்த கலப்படம் என்று இதைச் சொல்லிவிட முடியாது. ஒரே வரப்பில் இரண்டு மூன்று இனங்கள் பக்கத்தில் பக்கத்தில் வளரும். பறிப்பவர் கைக்கு எல்லாம் ஒன்றுபோல்தான் இருக்கும்.

முழுச்செடியாக வந்தால் பிரிப்பது கடினமில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அதுதான் இந்த வேலையில் முதல் கருவி. அமாரஸின் இலை நுனி வட்டமாக இருக்கும். பூவின் இதழ்கள் ஐந்து. மற்றவற்றில் ஃபிரேட்டர்னஸ், டெபிலிஸ், யூரினேரியா, மதராஸ்படென்சிஸ் நான்குக்கும் ஆறு. டெபிலிஸ் இலை இரண்டு முனையிலும் குறுகும். யூரினேரியாவின் தண்டில் சிவப்பு ஓடும், காய்க்குக் காம்பு இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும், காயின் மேல் சொரசொரவென்று பருக்கள் இருக்கும். நாம் மேலாநெல்லி என்கிற மதராஸ்படென்சிஸில் நடுத்தண்டிலேயே இலைகள் இருக்கும். மற்றவற்றில் இலை பக்கக் கிளையில் மட்டும்தான், அதனால்தான் அந்தக் கிளையே ஒரு கூட்டிலை மாதிரித் தெரிகிறது.

பொடியாகவோ நொறுங்கிய சரக்காகவோ வந்தால்? அப்போது விதையைத் தேடுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு லாட்டைக் கருவியில் ஓட்டியபோது, கீழாநெல்லியின் அடையாள வேதிப்பொருளான ஃபில்லாந்தினுக்கான சிகரம் வரைபடத்தில் கிட்டத்தட்ட வரவே இல்லை. கருவியில்தான் கோளாறு என்று நினைத்து காலம் என்கிற பிரிப்புக் குழாயைக் கழுவினோம், கரைப்பானை மாற்றினோம், ஒப்பிடுவதற்கான தூய ஸ்டாண்டர்டைப் புதிதாகக் கரைத்தோம். இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் எங்கள் ஆய்வகத்தில் மூத்தவர் ஒருவர் வந்து, மீதி இருந்த சரக்கை வெள்ளைத் தாளில் கொட்டி மெல்லத் தட்டினார். தாளின் ஓரத்துக்கு உருண்டு வந்த விதைகளை லென்ஸில் பார்க்கச் சொன்னார். அமாரஸ் விதை ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும், ஆரஞ்சுச் சுளை போல மூன்று பட்டை, முதுகில் நீளவாக்கில் வரிவரியாக மேடுகள். எங்கள் தாளில் இருந்ததில் அந்த மேடுகள் இல்லை. நுண்ணிய கரும்புள்ளிகள் வரிசை கட்டி நின்றன. அது மேலாநெல்லி. யூரினேரியாவாக இருந்தால் மேடுகள் குறுக்கு வாக்கில் ஓடும். நன்றாக அரைத்த பொடியில்கூட உடையாத விதை ஒன்றிரண்டு தப்பியிருக்கும். சல்லடையில் சலித்து மேலே நிற்பதைப் பாருங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு மாதிரி இருந்தாக வேண்டும். வேர், பூ, காயோடு ஒரு செடியை அழுத்திக் காயவைத்து ஹெர்பேரியம் தாளில் ஒட்டுங்கள். தாவரவியலாளர் ஒருவரிடம் காட்டிப் பெயர் உறுதி செய்துகொள்ளுங்கள். கோயம்புத்தூரில் உள்ள பொட்டானிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவின் தென்மண்டல மையத்தில் இதற்கென்றே பெரிய ஹெர்பேரியம் இருக்கிறது. அதே இடத்தில் அதே நாளில் பறித்த செடிகளைக் காயவைத்துப் பொடித்து ஒரு பாட்டிலில் வையுங்கள். இனி வரும் ஒவ்வொரு லாட்டும் இந்தப் பாட்டிலோடுதான் ஒப்பிடப்படும். டிஎன்ஏ பார்கோடு சோதனையும் உண்டு, காய்ந்த இலைக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அது செடியின் பெயரைச் சொல்லுமே தவிர, பறித்து ஆறு மாதம் ஈரத்தில் கிடந்ததா என்பதைச் சொல்லாது.

அடுத்தது சாம்பிள் எடுப்பது. கீழாநெல்லிக்கு இது மற்ற மூலிகைகளைவிட முக்கியம், காரணம் செடியிலேயே இருக்கிறது. காய்ந்ததும் சிறு இலைகள் உதிர்ந்துவிடும். மூட்டையை வண்டியில் ஏற்றி இறக்கும்போது இலை எல்லாம் அடியில் போய்ச் சேரும், மேலே குச்சிகள் நிற்கும். ஃபில்லாந்தினும் ஹைப்போஃபில்லாந்தினும் அதிகம் இருப்பது இலையில், தண்டில் மிகக் குறைவு. மேலாக ஒரு பிடி அள்ளினால் சரக்கு மோசம் என்று வரும், அடியிலிருந்து அள்ளினால் அருமை என்று வரும். ஒரே மூட்டையின் மேலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்துச் செய்து பார்த்திருக்கிறேன், மேலே கிடைத்தது அடியில் கிடைத்ததில் பாதிகூட இல்லை. இரண்டு முடிவும் கருவியைப் பொறுத்தவரை சரிதான், சரக்கைப் பொறுத்தவரை இரண்டுமே தப்பு.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் எளிமையானது. ஐந்து மூட்டை வரை இருந்தால் எல்லாவற்றிலும் எடுக்க வேண்டும். 6 முதல் 50 வரை என்றால் ஐந்து மூட்டைகளில். அதற்கு மேல் போனால் பத்து விழுக்காடு மூட்டைகளில். ஒவ்வொன்றிலும் மேல், நடு, அடி என்று மூன்று இடம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, சதுரமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு கால்பாகங்களை விலக்கிவிட்டு, மீதியை மறுபடி கலந்து அதையே திரும்பச் செய்யுங்கள், தேவையான அளவுக்கு வரும் வரை. பிரிக்கும்போது தரையில் தங்கும் தூளையும் சேர்த்து வாருங்கள். அந்தத் தூள்தான் இலை.

இனி பழைய, மலிவான சோதனைகள். எரித்துச் சாம்பலாக்க மஃபிள் ஃபர்னஸ், காயவைக்க ஹாட் ஏர் அவன், நல்ல தராசு இருந்தால் போதும். 105 டிகிரி செல்சியஸில் எடை மாறாமல் நிற்கும் வரை காயவைத்து எடை இழப்பைக் குறியுங்கள். பிறகு மொத்தச் சாம்பல், அமிலத்தில் கரையாத சாம்பல். கீழாநெல்லியை வேரோடு பிடுங்குவதால் மண் ஒட்டிக்கொண்டே வரும். மொத்தச் சாம்பலில் செடியின் சொந்த உப்புகளும் சேர்ந்திருக்கும். அதை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டி, வடிதாளோடு மறுபடி எரித்தால் மிஞ்சுவது பெரும்பாலும் மணல்தான். குருசிபிளில் தங்கியதைக் கண்ணாடிக் குச்சியால் அழுத்திப் பாருங்கள், நறநறவென்று இருக்கும். எடைக்காக மண்ணை உதறாமல் அனுப்பியவரை இந்த ஒரு எண் காட்டிக்கொடுத்துவிடும். வரம்புகளுக்கு மருந்துத் தர நூல்களான இந்திய ஆயுர்வேத பார்மகோபியா, சித்த பார்மகோபியா இரண்டையும் பாருங்கள். எந்த இனத்துக்கு எந்தப் பாகத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

கரைசாறு அளவையும் விட்டுவிடாதீர்கள். 5 கிராம் பொடியை 100 மி.லி. கரைப்பானில் 24 மணி நேரம் ஊறவைக்க வேண்டும், முதல் 6 மணி நேரம் அவ்வப்போது குலுக்க வேண்டும். வடிகட்டியதில் 25 மி.லி. எடுத்து ஆவியாக்கி எடை போட வேண்டும். தண்ணீருக்கு ஒன்று, ஆல்கஹாலுக்கு ஒன்று. ஏற்கெனவே ஒருமுறை சாறு இறக்கிய சக்கையைக் காயவைத்து நல்ல சரக்கோடு கலந்திருந்தால் இங்கே பிடிபடும். இலையின் வடிவமும் விதையும் சரியாகவே இருக்கும், ஆனால் உள்ளே ஒன்றும் இருக்காது.

இப்போது வேதிப்பொருள்களுக்கு வருவோம். 1946-இல் கிருஷ்ணமூர்த்தியும் சேஷாத்ரியும் இந்தச் செடியின் கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்து ஃபில்லாந்தின் என்று வெளியிட்டார்கள். அதோடு கிடைத்தது ஹைப்போஃபில்லாந்தின். இரண்டும் லிக்னான் வகை. அமாரஸை மற்ற இனங்களிலிருந்து வேதியியல் ரீதியாகப் பிரிக்க இவைதான் முதல் அடையாளம். இவற்றோடு நிரான்தின், நிர்டெட்ராலின், ஃபில்டெட்ராலின் என்று உருவத்தில் நெருங்கிய உறவுக்காரர்கள் உண்டு.

சாற்றை மெல்லிய தட்டில் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் எச்பிடிஎல்சி கைவசம் இருந்தால் அங்கே தொடங்குங்கள், எண்ணுக்கு முன்னால் ஒரு படம் கிடைக்கும். சிலிக்கா தட்டில் பக்கத்தில் பக்கத்தில் மூன்று பட்டை போடுங்கள்: ஸ்டாண்டர்ட் ஃபில்லாந்தின், உங்கள் பாட்டிலில் உள்ள நம்பகமான மாதிரி, புதிதாக வந்த லாட். ஹெக்சேன், எத்தில் அசிடேட் கலவையில் ஏற்றி, வெனிலின்-கந்தக அமிலம் தெளித்துச் சூடாக்கினால் பட்டைகள் நிறம் பிடிக்கும். ஸ்டாண்டர்டோடு பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்காமல் மேலிருந்து கீழ் வரை முழு வரிசையையும் பாருங்கள். நம்பகமான மாதிரியில் இல்லாத பட்டை ஒன்று லாட்டில் இருந்தால் வேறு ஏதோ கலந்திருக்கிறது. ஒரே ஒரு பட்டை மட்டும் மிக அடர்த்தியாக இருந்து மற்றவை மங்கியிருந்தால் அதுவும் சந்தேகத்துக்குரியதே.

அளவைத் துல்லியமாகச் சொல்ல, சாற்றைக் காலத்தின் வழியே செலுத்திப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி. சி-18 காலம், மெத்தனால்-தண்ணீர் அல்லது அசிட்டோநைட்ரைல்-தண்ணீர், 230 நானோமீட்டர். இதெல்லாம் வெளியான முறைகளிலேயே இருக்கிறது. அந்தக் கட்டுரைகளில் ஓரமாகப் போகும் இரண்டு விஷயங்களை அழுத்திச் சொல்கிறேன். ஒன்று, சாறு முழுதாக இறங்கியதா? ஒரே பொடியை மூன்று முறை மெத்தனாலில் இறக்கி, மூன்றாவது சாற்றைத் தனியாக ஓட்டுங்கள். அதில் இன்னும் சிகரம் தெரிந்தால் உங்கள் முறை ஒரு பகுதியைப் பொடியிலேயே விட்டுவிட்டு வருகிறது. இரண்டு, திரும்பக் கிடைக்கிறதா? 4 மி.கி. ஃபில்லாந்தின் இருப்பதாகத் தெரிந்த பொடியில் இன்னொரு 4 மி.கி. ஸ்டாண்டர்டைச் சேர்த்துச் செய்து பாருங்கள். 7.8 மி.கி. வந்தால் சேர்த்ததில் 95 விழுக்காடு கிடைத்திருக்கிறது, நிம்மதியாகத் தொடரலாம். 6 மி.கி.தான் வந்தால் வேறு எதையும் அளக்காதீர்கள், முதலில் முறையைச் சரி செய்யுங்கள்.

முடிவை எழுதும்போது ஈரத்தைக் கழித்து எழுதுங்கள். 12 விழுக்காடு ஈரமுள்ள பொடியில் 0.40 விழுக்காடு என்று வந்தால், காய்ந்த எடைக்கு அது 0.45. மழைக்காலத்துச் சரக்கையும் கோடைச் சரக்கையும் இப்படிச் செய்யாமல் ஒப்பிட்டால், சரக்குக்காரரோடு தேவையில்லாத சண்டைதான் மிஞ்சும்.

சரி, ஃபில்லாந்தின் நன்றாக இருக்கிறது, வேலை முடிந்ததா? உங்கள் தயாரிப்பு எது என்பதைப் பொறுத்தது. லிக்னான்கள் தண்ணீரில் சரியாகக் கரையாது. கீழாநெல்லியை வெந்நீரில் காய்ச்சிக் குடிக்கும்படி கொடுக்கிறீர்கள் என்றால், குடிப்பவர் வயிற்றுக்குப் போவதில் பெரும்பங்கு ஜெரானின், கோரிலாஜின் போன்ற எல்லாஜிடானின்களும், கேலிக் அமிலமும், ஃபிளேவனாய்டுகளும்தான். அதிலும் ஜெரானின் சூட்டில் நிலைக்காது. கொதிக்கக் கொதிக்க உடைந்து கோரிலாஜின், எல்லாஜிக் அமிலம், கேலிக் அமிலமாக மாறும். அதனால் கேலிக் அமிலம் அதிகம் என்பதைப் பெருமையாக எழுதிவிடாதீர்கள், சரக்கு வெந்துபோனதன் அடையாளமாகவும் அது இருக்கலாம். ஆல்கஹால் சாற்றுக்கு லிக்னான்கள், தண்ணீர்ச் சாற்றுக்கு டானின்கள், முழுப் பொடிக்கு இரண்டும் என்று அளக்க வேண்டியதைத் தீர்மானியுங்கள்.

இப்போது உங்கள் கையில் உள்ள இரண்டு தாள்களைப் பார்ப்போம். நிறச்சோதனையில் ஃபெரிக் குளோரைடு போட்டால் கருநீலமாகும். ஆகாத இலையைத் தேடுவதுதான் கஷ்டம். ஜிசி-எம்எஸ் அருமையான கருவி, நறுமண எண்ணெய்க்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனால் அது ஆவியாகும் பொருளை மட்டும்தான் பார்க்கும். ஜெரானின் போன்ற பெரிய டானின் மூலக்கூறு எந்தச் சூட்டிலும் ஆவியாகாது, கரிந்துதான் போகும். மெத்தனால் சாற்றை அப்படியே ஏற்றினால் வருவது ஹெக்சாடெகனாயிக் அமிலம், பைட்டால், இன்னும் சில கொழுப்பமில எஸ்டர்கள். துளசியை ஏற்றினாலும் ஏறக்குறைய இந்தப் பெயர்கள் வரும். பட்டியலில் தாலேட் என்று முடியும் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அது செடியில் இருந்ததல்ல, சாறு இருந்த பிளாஸ்டிக்கிலிருந்து கரைந்து வந்தது. நூலகப் பொருத்தத்தில் மென்பொருள் தரும் பெயர் ஓர் ஊகம்தான், ஸ்டாண்டர்டை ஓட்டி உறுதி செய்யும் வரை அதைக் கண்டுபிடிப்பு என்று சொல்லக் கூடாது. எத்தனையோ மாணவர்கள் வருடக்கணக்கில் உழைத்து இந்தப் பட்டியலோடு ஆய்வை முடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனது வலிக்கிறது. அந்த உழைப்புக்கு ஒரு கைலென்ஸும் ஒரு டிஎல்சி தட்டும் இதைவிட அதிகம் கொடுத்திருக்கும்.

மொத்த ஃபீனால் அளவும் இதே கதைதான். அதை அளக்கச் சேர்க்கும் வினைபொருளோடு வைட்டமின் சி-யும் ஒடுக்கும் சர்க்கரைகளும்கூட வினைபுரியும். கொஞ்சம் கடுக்காய்த் தூளைக் கலந்தாலே கீழாநெல்லியின் 'தரம்' ஏறிவிடும். லாட்டுக்கு லாட் ஒப்பிட உதவும், அடையாளத்துக்கு உதவாது.

மாசுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், சுருக்கம் என்பதால் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். கீழாநெல்லி வயலில் களையாக வளர்வது. அந்த வயலுக்கு அடித்த மருந்து அதன் மேலும் விழுந்திருக்கும். சாலையோரத்தில் பறித்ததென்றால் ஈயம். நம் நாட்டு வரம்புகள்: ஈயம் 10, ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). நுண்ணுயிர்களில், கிராமுக்கு மொத்தப் பாக்டீரியா 1 லட்சத்துக்குள்ளும் ஈஸ்ட்-பூஞ்சை 1,000-க்குள்ளும் இருக்க வேண்டும், ஈ.கோலை, சால்மோனெல்லா அறவே கூடாது. தரையில் பரப்பிக் காயவைத்த சரக்கு என்றால் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இவ்வளவு வற்புறுத்துவதற்கு என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது. 1988-இல் சென்னையில் எஸ். பி. தியாகராஜன் குழுவும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பர்கும் சேர்ந்து ஓர் ஆய்வை லான்செட் இதழில் வெளியிட்டார்கள். நாள்பட்ட வைரஸ் தாங்கிகளுக்கு அமாரஸ் பொடி 200 மி.கி. வீதம் தினம் மூன்று வேளை, 30 நாள். மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்தது. வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. இரண்டே வருடத்தில், 1990-இல், தாய்லாந்தில் செய்த ஆய்வு அதே இதழில் வந்தது. அங்கே பலன் கிடைக்கவில்லை. ஏன் என்ற கேள்விக்குப் பல விளக்கங்கள் சொல்லப்பட்டன. அவற்றில் ஒன்று, இரண்டு இடத்துச் செடியும் அதைத் தயாரித்த விதமும் ஒன்றுதானா என்பது. இன்று வரை ஹெபடைடிஸ் பி-க்குக் கீழாநெல்லி நிரூபிக்கப்பட்ட மருந்து இல்லை, மஞ்சள் காமாலை வந்தவர் டாக்டரிடம்தான் போக வேண்டும். ஆனால் அன்று கொடுத்த பொடிகளின் ஃபில்லாந்தின், ஜெரானின் அளவுகளும் ஒவ்வொரு லாட்டிலும் எடுத்துவைத்த மாதிரியும் இருந்திருந்தால், அந்தக் கேள்விகளில் ஒன்றையாவது ஊகமில்லாமல் தீர்த்திருக்கலாம்.

நாளைக்கே செய்யக்கூடியது இது. குடோனில் இப்போது இருக்கும் லாட்டில் மேல், நடு, அடி என்று எடுத்துக் கலந்து, ஒரு கைப்பிடியை வெள்ளைத் தாளில் தட்டி விதையைப் பாருங்கள். அதே கலவையில் 50 கிராமைக் காற்றுப் புகாத பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து, லாட் எண், பறித்த ஊர், பறித்த மாதம், காயவைத்த விதம் எல்லாம் எழுதி ஒட்டி இருட்டில் வையுங்கள். பறித்த ஊர் தெரியவில்லை என்று சரக்குக்காரர் சொன்னால், அதையும் அப்படியே எழுதி வையுங்கள்.